றீடோவுக்கு வெறுங்கையோடு

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் மாசி மாதம் வந்தால் ஒட்டாவாவுக்குப் போவோம். 401 நெடுஞ்சாலையில் ஏறி, கிங்ஸ்டன் தாண்டி, 416இல் வடக்கே திரும்பினால் றீடோ கால்வாய். தேசியக் கலை மையத்தின் அடியிலிருந்து 7.8 கிலோமீட்டர் தூரத்துக்கு உறைந்து, ஊர் முழுக்க அதில் சறுக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பயணங்களில் எனக்கு நினைவில் நிற்பது கால்வாய் அல்ல, கையுறைகள்தான். இரவில் மோட்டல் அறையின் ஹீற்றர் மேல் வரிசையாகக் காயப் போட்ட கையுறைகள், அவற்றிலிருந்து எழும் ஈரக் கம்பளி மணம், விடிய எண்ணிப் பார்த்தால் காணாமல் போயிருக்கும் ஒன்று.

பனியை நான் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் மூக்கு நுனிகளை. மைனஸ் 20இல் பிள்ளையின் மூக்கு நுனியோ காது மடலோ வெளுக்கத் தொடங்கினால் குளிர் கடிக்கிறது என்று அர்த்தம். உடனே உள்ளே கொண்டுபோக வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவளுக்கு இதையெல்லாம் அம்மா சொல்லித் தந்திருக்க முடியாது. பள்ளிக்கூடம் அனுப்பிய கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு கண் வேறெங்கும் போகவில்லை. இவர் சறுக்கு வண்டிலைக் கயிற்றில் கட்டி இழுப்பார். நான் மாற்று உடுப்பும் புட்டுப் பெட்டியும் தேத்தண்ணிப் போத்தலும் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். "தொப்பியை இழுத்து விடுங்கோ", "அவன்ர சப்பாத்துக்குள்ள ஸ்நோ போட்டுது" என்பதைத் தவிர நாங்கள் இருவரும் வேறெதுவும் கதைத்ததாக ஞாபகமில்லை. ஆற்றுக்கு அப்பால் கற்றினோவில் வின்டர்லூட் விழாவுக்குக் கட்டும் பனிச் சறுக்குமரங்களின் அடியில் மணிக்கணக்காக நின்றிருக்கிறோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்காகத்தான் போனோம். அது போதுமாகவும் இருந்தது.

இப்போது மூத்தவள் வன்கூவரில் இருக்கிறாள். இளையவன் வாட்டர்லூவில் படிக்கிறான். ஸ்காபரோ கில்ட்வூட்டில் ரயிலேறி நாங்கள் இருவர் மட்டும் ஒட்டாவாவுக்குப் போகிறோம். இதைக் கேட்ட கோயில் சினேகிதி ஒருத்தி, "பிள்ளையள் வரேல்லையோ? தனியவோ போறியள்? அதுவும் குளிருக்கை?" என்றாள். எங்கள் வயதுக்காரர் குளிர்காலத்தில் கியூபாவுக்குப் போவார்கள், அல்லது ஊருக்குப் போவார்கள். வடக்கே போவது யாருக்கும் விளங்குவதில்லை. பிள்ளைகள் இல்லாமல் பெற்றோர் மகிழ்ந்திருப்பதும் விளங்குவதில்லை. ஏதோ அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பொருள் போல அதை ஒளித்து வைக்கிறார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை. பாதி வாழ்நாளை இந்த நாட்டில் கழித்துவிட்டோம். அதன் குளிர்காலத்தைப் பிள்ளைகளுக்கு உடுப்பு மாட்டியே அறிந்துவிட்டுப் போவது நியாயமா?

சறுக்கக் கற்றுக்கொண்டது பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போன பிறகு, ஸ்காபரோவில் நகரசபை நடத்தும் பெரியவர்களுக்கான வகுப்பில். அங்கே முதலில் சொல்லித் தருவது விழுவதைத்தான். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் இடுப்பைக் கொடுத்து விழவேண்டும். பிறகு நாலுகாலில் நின்று, ஒரு காலை ஊன்றி, இரண்டு கையையும் அந்த முழங்காலில் வைத்து எழவேண்டும். சப்பாத்து நாடாவை விரல்பக்கம் தளர்வாகவும் கணுக்காலில் இறுக்கியும் கட்டவேண்டும் என்பதும் அங்கே படித்தது. கால்வாய்க்கரை வாங்கில் நான் இருக்க, இவர் குனிந்து என் நாடாவை இறுக்கிவிட்டு, "நோகுதோ உமக்கு?" என்று கேட்டார். இதே வாங்குகளில் எத்தனை சின்னக் கால்களுக்கு நாடா கட்டியிருக்கிறோம்! ஒருவருக்கொருவர் கட்ட அப்போது நேரம் இருந்ததில்லை.

கை இரண்டும் வெறுமையாக இருந்தால் ஐஸ் எவ்வளவோ காட்டுகிறது. ஆட்கள் இரவில் அதில் துளையிட்டு, அடியிலிருந்து நீரை இறைத்து மேலே பரவவிடுகிறார்கள். அது படலம் படலமாக உறைந்து முந்தின நாளின் வெடிப்புகளை மூடுகிறது. பனி விழுந்தால் உடனே வழித்துத் தள்ளுகிறார்கள். பனிக்குக் கீழே ஐஸ் தடிப்பதில்லை, அது போர்வையாகிக் குளிரை மறைத்துவிடும். இந்த வேலையெல்லாம் 1971 ஜனவரியில் தொடங்கியது. தேசியத் தலைநகர ஆணையத்தின் தலைவராக இருந்த டக்ளஸ் புல்லர்ட்டன், மண்வெட்டியும் தும்புத்தடியும் கொடுத்து ஆட்களை இறக்கி, கலை மையத்துக்குக் கிட்ட முதலில் துப்புரவாக்கினார். குளிர் கூடின காலைகளில் ஐஸ் சுருங்கி இறுகும்போது அடியில் நீளமாக ஓர் உறுமல் ஓடும். முதல்முறை கேட்டு இவர் கையைப் பிடித்தேன். அது நல்ல ஐஸின் சத்தம் என்று பக்கத்தில் போன கிழவர் சொல்லிவிட்டுப் போனார்.

கரையில் நின்று கால்வாயின் வரலாற்றை வாசிக்கவும் நேரம் கிடைத்தது. கேணல் ஜோன் பை என்பவரின் மேற்பார்வையில் 1826இல் தொடங்கி 1832இல் முடித்த, ஒட்டாவாவையும் கிங்ஸ்டனையும் இணைக்கும் 202 கிலோமீட்டர் நீர்ப்பாதை. 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெட்டியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரரும் பிரெஞ்சுக் கனடியரும். அவர்களில் பலரைக் கொன்றது மலேரியா. "மலேரியாவோ? இஞ்சையோ?" என்று இவர் திகைத்து நின்றார். வன்னியில் பிறந்தவர், அந்தக் காய்ச்சலில் படுத்தெழும்பியவர். கோடையின் சதுப்பு நிலங்களில் நுளம்பு கடித்துச் செத்த மனிதர்களின் உழைப்புக்கு மேல்தான் சறுக்குகிறோம் என்பது அந்த நாள் முழுக்க எங்களோடு வந்தது.

பிறகு பீவர் டெயில் வாங்கினோம். பூரியை இரு கையாலும் நீட்டி இழுத்தது போன்ற ஒன்றைப் பொரித்து, சீனியும் கறுவாத்தூளும் தூவிக் கொடுக்கிறார்கள். மேலே எலுமிச்சம்புளி பிழியச் சொல்லிக் கேட்கவேண்டும். கொதிக்கக் கொதிக்க, அரைவாசி அரைவாசியாகப் பிய்த்துத் தின்றோம். அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்தது பிள்ளைகள் மிச்சம் வைத்த ஆறின ஓரங்கள்.

நாங்கள் கால் வைக்கத் தயாரானபோது ஐஸ் தயங்கத் தொடங்கிவிட்டது. பாதையைத் திறக்க ஐஸ் 30 சென்ரிமீட்டராவது தடித்திருக்கவேண்டும். 2023 குளிர்காலத்தில் அது ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. 1971க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. 2024இல் மிகச் சில நாட்களே திறந்திருந்தது. 2025இல் குளிர் நன்றாக இறங்கி, சனம் மறுபடி கால்வாயை நிறைத்தது. அடுத்த வருடம் எப்படியிருக்கும் என்று அங்கே வேலை செய்பவர்களாலும் சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களை வண்டிலில் வைத்து இழுக்கும் காலத்தில் இது உறையுமா என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அதனாலேயே, முடிந்தபோது போகவேண்டும் என்கிறேன். பிள்ளைகளுக்கு விடுமுறை ஒத்துவரட்டும் என்று காத்திருந்தால் ஐஸ் காத்திருக்காது.

இரவு விடுதியில் இவர் இரண்டு சோடிச் சப்பாத்துகளையும் துடைத்து, அலகுகளில் ஈரமில்லாமல் துணியைச் சுற்றி வைத்தார். வானிலைச் செய்தி அடுத்த நாள் மத்தியானம் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறும் என்றது.

"நாளைக்கு வெள்ளன எழும்பும்," என்றார். "வெயில் ஏறினால் இளகிப்போடும். அவங்கள் சிவப்புக் கொடியைப் போட்டுப் பாதையை மூட முன்னம் டௌஸ் லேக் மட்டும் போய் வந்திடவேணும்."