புழுவின் பேரில் ஒரு தணிக்கை ஆட்சேபம்

திருவனந்தபுரம், பேரூர்க்கடைப் பக்கம் ஒரு குடியிருப்போர் சங்கம். செயலாளர் கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றும் பேனாவில் சிவப்பு மைதான். நோட்டீசும் கையுமாகப் பக்கத்து வீட்டு கேட்டில் நிற்கிறார். உள்ளே, மார்த்தாண்டத்திலிருந்து வந்து குடியேறிய ஓய்வுபெற்ற டீச்சர். நடுவில் ஒரு கறிவேப்பிலை மரம்.

செயலாளர்: டீச்சர், இது மூணாவது நோட்டீஸ். வேலியில கொடி, மூலையில மக்கின மரக்கட்டை, முற்றம் முழுக்கத் தும்பை. தெருவில எல்லாரும் இன்டர்லாக் கல் போட்டாச்சு. உங்க வீட்டில மட்டும்தான் மண்ணு தெரியுது.

டீச்சர்: மண்ணு தெரியுததும் குத்தமா அண்ணாச்சி?

செயலாளர்: கறிவேப்பிலை மேல பூரா எச்சம் வேற.

டீச்சர்: எச்சமில்ல, புழு. எலுமிச்சை அழகின்னு பட்டாம்பூச்சி இருக்குல்லா, அதோட பிள்ளை. சின்னதுல இப்படித்தான் எச்சம் மாதிரி வேஷம் போடும். கொத்த வார குருவி அசிங்கம்னு நினைச்சுப் போயிரும்.

செயலாளர்: ஆள்மாறாட்டம். குறிச்சுக்கறேன்.

டீச்சர்: லேசாத் தொட்டுப் பாருங்க.

செயலாளர்: (தொட்டுவிட்டுப் பின்வாங்குகிறார்) தலையில கொம்பு நீட்டுது! என்ன நாத்தம்! ஆய்வுக்கு வந்த அதிகாரி மேலயா?

டீச்சர்: அதுக்கு எல்லா அதிகாரியும் ஒண்ணுதான்.

செயலாளர்: தப்பா நினைக்காதீங்க, சங்கத்துக்குப் பூச்சி மேல விரோதம் எதுவும் கிடையாது. ஓணத்துக்கு முன்னால ‘பட்டாம்பூச்சி முனை’ திறக்கப் போறோம். ஃபைபர்ல புத்தமயூரி, ஆறடி இறக்கை, உள்ளே எல்இடி.

டீச்சர்: 2018-ல கேரள அரசு மாநிலப் பட்டாம்பூச்சின்னு அறிவிச்சதே, அதுதானே? அதோட புழு முள்ளிலம் மரத்து இலையைல்லா திங்கும். தெருமுனையில அந்த மரம் ஒண்ணு நின்னுச்சே?

செயலாளர்: முள்ளா இருந்தது, வெட்டிட்டோம். அந்த இடத்திலதான் ஃபைபர் வருது.

டீச்சர்: தும்பையையும் பிடுங்கிட்டா அத்தப்பூக்களத்துக்கு என்ன செய்வீய?

செயலாளர்: தோவாளையிலருந்து பூ வந்துடும். கொட்டேஷன் வாங்கியாச்சு. பேச்சை மாத்தாதீங்க. உங்க பூச்சியால சங்கத்துக்கு என்ன வரவு? வவுச்சர் இருந்தாக் காட்டுங்க.

டீச்சர்: உங்க மாடியில பாகல் காய்ச்சுதா?

செயலாளர்: பிஞ்சு மஞ்சளாகி விழுது. வாரம் தவறாம மருந்து அடிக்கிறேன், பிரயோஜனம் இல்லை.

டீச்சர்: பாகலுக்கு ஆண்பூ வேற, பெண்பூ வேற. பூ ஒரு நாள்தான் இருக்கும். காலம்பற தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்கலன்னா பிஞ்சு உதிரத்தான் செய்யும். நீங்க அந்தத் தேனீக்கே மருந்து அடிக்கிய. காய் பிடிக்கலன்னதும் இன்னொரு டோஸ். என்ன மருந்து?

செயலாளர்: இமிடாகுளோப்ரிட். கடைக்காரன் கொடுத்தான்.

டீச்சர்: செடிக்குள்ள ஊறித் தேன்லயும் மகரந்தத்துலயும் வாரது அது. புடலை?

செயலாளர்: அதுவும் பூக்குது, காய்க்கலை.

டீச்சர்: புடலை ராத்திரில்லா பூக்கும். அந்துப்பூச்சி வரணும். நீங்க மாடியில ஸ்டேடியம் மாதிரி விளக்கு மாட்டி வச்சிருக்கிய. அது பூவை விட்டுட்டு பல்பைச் சுத்திச் சாவுது.

செயலாளர்: தமிழ்நாட்டுக் காய்கறியில மருந்து இருக்கான்னு வெள்ளாயணி வேளாண் கல்லூரி லேப்ல சோதிக்கிறாங்களே, படிக்கலையா? அதுக்குப் பயந்துதானே சொந்தமாப் பயிர் போட்டேன்.

டீச்சர்: எங்க ஊர் மருந்துக்குப் பயந்து சொந்தக் கையால அடிச்ச மருந்தைத் திங்கியன்னு சொல்லுங்க.

செயலாளர்: தேனீ இல்லாட்டி என்ன? பிரஷ் எடுத்து நாமே தடவிக்கலாம். மனுஷனால ஆகாதது உண்டா?

டீச்சர்: ஆகும். வனிலாவுக்கு விலை ஏறின காலத்தில இடுக்கியில ஆகிட்டுத்தான் இருந்துச்சு. கொடி மெக்சிகோவிலருந்து வந்துச்சு, அதுக்கான தேனீ வரல. விடிஞ்சதும் ஒவ்வொரு பூவாக் குச்சியால தொட்டு வைக்கணும், அன்னைக்கு விட்டா அந்தப் பூ போச்சு. எண்ணெய்ப்பனைக்கும் அதே பாடுதான். மரம் ஆப்பிரிக்காவிலருந்து வந்துச்சு, அதோட கூன்வண்டு வரல. ஆள் வச்சுக் குலைகுலையா மகரந்தப் பொடி தூவினாங்க. கடைசில 1985-ல கேமரூன் வண்டையே கொண்டுவந்து கேரளத் தோட்டங்கள்ல விட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வேலையை வண்டே பாத்துக்கிட்டுது.

செயலாளர்: வண்டு இறக்குமதியா! எந்தக் கணக்குத் தலைப்புல செலவெழுதினாங்க?

டீச்சர்: வண்டு சம்பளம் கேக்கல. நீங்க பிரஷ் தடவுறதுக்கு என்ன கேப்பீய?

செயலாளர்: (சற்றுத் தயங்கி) பயணப்படி உண்டுதானே?

டீச்சர்: மாடிக்கா?

செயலாளர்: சரி, பூச்சி குறைஞ்சுபோச்சுங்கற மாதிரிப் பேசறீங்களே, அத்தாட்சி? ஜெர்மனியில 27 வருஷத்தில பறக்கிற பூச்சியோட எடை நாலில மூணு பங்குக்கு மேல குறைஞ்சதுன்னு 2017-ல ஆய்வு வந்தது, நானும் படிச்சேன். அது அவங்க ஊர் இயற்கைக் காப்பகங்கள். நம்ம ஊர்க் கணக்கு எங்கே?

டீச்சர்: அப்படி வலை கட்டி 27 வருஷம் நிறுத்துப் பாத்தது ஆரு இங்க? அண்ணாச்சி, ஒரு ஆபீசுக்குத் தணிக்கைக்குப் போறிய. இருப்புப் பதிவேடே இல்லன்னு சொல்லுதான். சரக்கு குறையலன்னு எழுதிக் கொடுத்துட்டு வருவீயளா?

செயலாளர்: (உடம்பு நிமிர்கிறது) பதிவேடு இல்லையா? தொலைச்சுடுவேன். அதுவே முதல் ஆட்சேபம்.

டீச்சர்: அத எழுதுங்க முதல்ல. நாங்க தேனீ அழிஞ்சதைக் கண்ணால கண்டவங்க. மார்த்தாண்டத்தில 1920-கள்ல ஒய்.எம்.சி.ஏ. ஸ்பென்சர் ஹாட்ச் பெட்டியில தேனீ வளர்க்கச் சொல்லிக் கொடுத்தாரு. அப்போ அது திருவிதாங்கூர். எங்கப்பாவும் ரப்பர் தோட்டத்தில பெட்டி வச்சவருதான். மாசியில ரப்பர் தளிர்க்கும்போது இலைக்காம்புல சுரக்கும் பாருங்க, தேன் அதுலருந்துதான், பூவுலருந்து இல்ல. 1991-92-ல தாய் சாக்புரூட்னு வைரஸ் வந்துச்சு. கேரளத்திலயும் எங்க பக்கமும் கூட்டம் கூட்டமாப் புழுவுலயே செத்துச்சு. பெட்டி இருந்துச்சு, உள்ள ஒண்ணுமில்ல. அப்பா அதில அரிசி போட்டு வச்சாரு.

செயலாளர்: (சிறிது நேரம் பேனாவை மூடித் திறக்கிறார்) வைரசுக்கும் இன்டர்லாக்குக்கும் என்ன சம்பந்தம்?

டீச்சர்: வைரசுக்கு இல்ல. இதுக்கு இருக்கு, இங்கன பாருங்க. தரையில பொட்டு மாதிரி ஓட்டை. வயித்தில நீலப் பட்டை போட்ட தேனீ ஒண்ணு இருக்குது, அதோட வளை. கத்தரிப்பூவையும் தக்காளிப்பூவையும் பிடிச்சு உலுக்கி மகரந்தத்தை உதிர்க்கும். உலகத்துத் தேனீ இனங்கள்ல ஏறக்குறைய 70 சதவீதம் பெட்டியும் கட்டாது, அடையும் வைக்காது. மண்ணுல வளை தோண்டித்தான் வாழுது. தெரு முழுக்கக் கல்லைப் பாவினா அது எங்க போகும்?

செயலாளர்: வெள்ளிக்கிழமை ஃபாகிங் வருது. கொசுவாவது சாகட்டும்.

டீச்சர்: புகைக்குச் சாவுறது பறக்கிற கொசு மட்டும்தான். குஞ்சு உங்க பூந்தொட்டித் தட்டுத் தண்ணியில நீந்திட்டுக் கிடக்கு. தட்டைக் கவுத்துப் போட்டா வெள்ளி வரை காத்திருக்க வேண்டாம். செலவுமில்ல.

செயலாளர்: செலவில்லாட்டித் தீர்மானம் எப்படிப் போடுறது? சரி, இப்ப இந்த நோட்டீஸை என்ன செய்ய? திருப்பி வாங்கினா மானம் போகும், நிறைவேத்தினாப் பாகற்காய் போகும்.

டீச்சர்: உங்க ஆபீஸ்ல இதுக்கு வழி இருக்குமே?

செயலாளர்: இருக்கு. (சிவப்பு மையில் எழுதுகிறார்) ‘விளக்கம் பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது, பத்தி நிலுவை.’

டீச்சர்: நிலுவைன்னா எவ்வளவு நாளைக்கு?

செயலாளர்: நான் வேலைக்குச் சேர்ந்தப்ப ஒரு தணிக்கைப் பத்தி நிலுவையில இருந்தது. ரிட்டயர் ஆனப்பவும் இருந்தது.

டீச்சர்: அது தாராளம். இந்தப் புழு கூடு கட்டிப் பறக்க ஒரு மாசம் போதும்.