எடை என்னும் அபிப்பிராயம்: மலைக்கோட்டை அடிவாரம் முதல் அரங்கம் வரை ஒரு கடைசல் லேத்தின் பயணம் குறித்த ஆய்வு

நிலாவுக்குப் போனால் எடை ஆறில் ஒரு பங்காகக் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. மலைக்கோட்டை அடிவாரச் சந்து ஒன்றில் பழைய மரக்கடைசல் லேத் ஒன்றை விலைபேசி, காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறக்கிப் பார்த்தாலே போதும். அந்த ஐந்தாறு கிலோமீட்டருக்குள் அதன் எடை பலமுறை கூடும், குறையும், ஓரிடத்தில் அடியோடு காணாமலும் போகும். எடை என்பது சொல்பவரின் அபிப்பிராயம். சொல்லி முடித்ததும் பணம் எந்தப் பக்கம் போகப்போகிறது என்பதைப் பொறுத்து அது அமைகிறது. இதுவே இக்கட்டுரையின் எடுகோள்.

இத்துறையில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நிகழ்வும் இதே ஊரில்தான் நடந்திருக்கிறது. இராமன் கொடுத்த அரங்க விமானத்தைச் சுமந்துகொண்டு விபீஷணன் அயோத்தியிலிருந்து இலங்கைக்குக் கிளம்பினான். வழியில் எங்கும் தரையில் வைக்கக்கூடாது என்பது நிபந்தனை. காவிரிக் கரையில் அனுஷ்டான நேரம் வந்துவிட, மாடு மேய்க்கும் பையனாக நின்ற பிள்ளையாரிடம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கினான். பையன் கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டான். விமானம் அசையவில்லை. துரத்திப்போன விபீஷணன் மலையுச்சியில் பையனைப் பிடித்துத் தலையில் குட்டினான், அந்த வடு உச்சிப் பிள்ளையாருக்கு இன்னும் இருக்கிறது என்பது தலபுராணம்.

அன்பர்கள் இதில் அருளைக் காண்கிறார்கள். அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. சுமையியல் நோக்கில் பார்த்தால் வேறு சில செய்திகளும் தென்படுகின்றன. அயோத்தி தொடங்கிக் காவிரி வரை விமானம் கனக்கிறது என்று விபீஷணன் முணுமுணுத்ததாகக் கதையில் இல்லை. கீழே வைத்த கணத்தில்தான் அதற்கு எடையே வந்தது. தவிர, கூலி பேசாத ஆளிடம் சுமையைக் கொடுத்திருக்கிறான். அதன் பலன், தகராறு என்று வந்தபோது ஆளைத் தேடி 83 மீட்டர் உயரப் பாறையில் ஏறவேண்டியிருந்தது. இன்றைக்கும் இந்த ஊர் லோடுமேன்கள் சும்மாட்டைச் சுற்றும்போதே எச்சரிப்பார்கள்: “நடுவுல இறக்கி வைக்கச் சொல்லாதீங்க சார், அப்புறம் எங்களால ஏத்த முடியாது.” புராணம் படித்துச் சொல்வதில்லை, அனுபவத்தில் சொல்வது, முடிவு ஒன்றுதான்.

இனி, பொருளைப் பற்றி. மோட்டார் வருவதற்கு முன் நம்மூர்க் கடைசல்காரருக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. தரையில் இரண்டு கட்டைகளை அறைந்து, நடுவில் மரத்தைக் கோத்து, ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, இன்னொருவர் உட்கார்ந்து உளி பிடிப்பார். கட்டில் காலும் தொட்டில் உருளையும் பம்பரமும் சொப்புச் சாமானும் அப்படித்தான் வந்தன. ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்களே நரசிங்கம்பேட்டையில், 2022-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தக் கைவேலையும் இதே கடைசல் குடும்பம்தான். கயிற்று லேத்தில் எடையெல்லாம் பூமியினுடையது. பட்டறையை மாற்றும்போது பூமியை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. கட்டைகளைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

மோட்டார் வந்ததும் மரத்துண்டு நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்று சுற்றத் தொடங்கியது. துண்டு ஒரு பக்கம் கனத்திருந்தால் மெஷினே பட்டறைக்குள் நடக்கும். அதை அடக்கத்தான் வார்ப்பிரும்பு. அதனுள்ளே கிராபைட் செதில் செதிலாக இருப்பதால் அதிர்வை விழுங்கிவிடும். கன அடிக்கு 200 கிலோவுக்கு மேல் நிற்கும். ஆக, நல்ல லேத் என்றால் நகராத லேத். நகராது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, வாங்கிய மறுநிமிடமே அதை நகர்த்தப் புறப்படுவதுதான் இத்துறையின் மூல முரண். எல்லா வேதாந்தத்திலும் இப்படி ஒன்று இருக்கும்.

களஆய்வுக்கு வருவோம். சந்தின் கடைசியில், ஊஞ்சல் கால்களும் மாடிப்படிக் கைப்பிடிகளும் கடைந்துகொண்டிருந்து, ஸ்டீல் பைப்பும் பிளைவுட்டும் வந்தபின் ஷட்டரை இறக்கிய பட்டறை. உள்ளே ஆறடி பெட். விற்பவர் அதன்மேல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, “வார்ப்பு சார், அந்தக் காலத்து வார்ப்பு. நானூறு கிலோ இருக்கும். காயலான் கடையில போட்டாலே இந்த விலை வந்துரும்” என்றார். இது விற்பனை எடை. விலை படிந்து முன்பணம் கைமாறிய பிறகு, எப்படி எடுத்துப்போவது என்று கேட்டதற்கு அதே மனிதர், அதே லேத்தைப் பார்த்து, “நாலு பேர் புடிச்சா வந்துரும் சார், ஒண்ணும் பெரிசா கனம் இல்ல” என்றார். இயந்திரத்திலிருந்து ஒரு போல்ட்கூட இடையில் கழன்றிருக்கவில்லை.

பழைய லேத்தைச் சோதிக்கும் முறைகளில் கட்டுரையாளர் மதிப்பது ஒன்றைத்தான்: புதுப் பெயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே பார். மெஷின் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் மரத்தூளும் அப்பியிருக்க, ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே மட்டும் உள்ளங்கையகலம் பளீரென்று பச்சை அடித்திருந்தால் அது அழகுக்காக இராது. ஸ்பேனரால் தட்டினால் விரிசல் இல்லாத வார்ப்பு மணிபோல் சொல்லும். விரிசல் விட்டு வெல்டிங் வைத்தது ‘டொக்’ என்று வாயை மூடிக்கொள்ளும். பிறகு டெயில்ஸ்டாக்கைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு கூர்முனைகளும் நேருக்கு நேர் சந்திக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஸ்பிண்டிலுக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்து நெம்பி, ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். நாங்கள் பார்த்ததில் அந்தப் பச்சைக்கு அடியில் வெறும் துருதான் இருந்தது. பேரம் பேச அதுவும் உதவியது.

லோடுமேன்கள் வந்ததும் எடையின் மூன்றாம் நிலை தொடங்கியது. மூத்தவர் லேத்தைத் தொடவே இல்லை. ஒருமுறை சுற்றி வந்தார், சந்தைப் பார்த்தார், சாக்கடை மேல் போட்ட கல்லைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். “அரை டன்னுக்கு மேல இருக்கும்” என்று அவர் சொன்னபோது, விற்பனை எடையே ஏதோ பூ எடைபோல் ஆகிவிட்டது. ஆனால் வேலையில் இறங்கியபின் அவரைப்போல் பௌதிகம் தெரிந்தவர் இல்லை. மோட்டாரைக் கழற்றினார்கள், டெயில்ஸ்டாக்கையும் டூல் ரெஸ்ட்டையும் உருவினார்கள். ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம் உட்கார்ந்திருக்கும், அந்தப் பக்கம்தான் கவிழும் என்று அங்கே இரண்டு பேரை நிறுத்தினார். கடப்பாரையால் ஒரு முனையை விரற்கடை நெம்பி, அடியில் ஜி.ஐ. பைப்பைச் செருகி, பின்னால் விடுபடும் பைப்பை எடுத்து முன்னால் போட்டுப் போட்டு உருட்டினார்கள். சந்தின் சரிவில் அது வேகம் பிடிக்கவும், ஒரு பையன் பேச்சே இல்லாமல் மரத்துண்டை முன்னால் தள்ளினான். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கை அது.

தேர் என்றதும் ஓர் ஒப்பீடு அவசியமாகிறது. திருவாரூர் ஆழித்தேர் 300 டன் என்கிறார்கள். அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்துகொடுத்தது நம் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலை. முந்நூறு டன்னை ஊரே கூடி இழுக்கிறது. வடம் கைக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் சண்டை, கனக்கிறதே என்று யாரும் சொல்வதில்லை. பொன்மலை ரயில்வே பட்டறையோ 1928 வாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்தது. ஒரு பட்டறையே வந்து இறங்கிய ஊரில் ஒரு லேத்தை ஆற்றுக்கு அந்தப்பக்கம் அனுப்ப இத்தனை பெருமூச்சு. இதற்கு மாறான சான்றும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் சமயபுரத்துக்கு அருகே கண்ணனூரில் தலைநகர் வைத்திருந்த ஹொய்சளர்கள், தங்கள் சொந்த நாட்டில் மாக்கல் தூண்களைக் கடைசல் பிடித்தே வழவழவென்று நிறுத்தியவர்கள். அந்த வேலை ஏன் இங்கே பரவவில்லை? மாக்கல் மெத்தென்றது, நம்மூர்க் கருங்கல் அப்படியில்லை என்று அறிஞர்கள் காரணம் சொல்வார்கள். படையைக் கொண்டுவந்தவர்களுக்கு லேத்துக்குக் கூலி படியவில்லை என்பது கட்டுரையாளரின் துணிபு.

குட்டியானை வண்டி முக்கால் டன் வரை தாங்கும் என்று தயாரித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டுநருக்கு அந்தக் கணக்கில் ஆர்வமில்லை. வாடகை பேசும்வரை, “ரொம்ப வெயிட்டா தெரியுதே சார், பட்டை உடைஞ்சிரும்” என்றவர், வண்டி கிளம்பியதும் வழியில் ஒரு பீரோவையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். சத்திரம் தாண்டி, அண்ணா சிலை தாண்டிக் காவிரிப் பாலம். 1976-ல் திறந்த இந்தப் பாலத்தை 2022 நவம்பரில் பராமரிப்புக்காக மூடி, அடுத்த மார்ச்சில்தான் வண்டிகளை விட்டார்கள். இணைப்பு ஒவ்வொன்றையும் கடக்கும்போது பெட் ஒருமுறை எழும்பி உட்கார்ந்தது. எழும்பிய அந்தக் கணத்தில் அதற்கு எடையே இல்லை. நிலாவுக்குப் போகவேண்டியதில்லை என்று சொன்னதற்கு இதுவே சான்று.

ஸ்ரீரங்கத்து வீடுகள் அகலத்தில் கஞ்சம், நீளத்தில் தாராளம். திண்ணை, ரேழி, முற்றம், அடுக்களை எல்லாம் தாண்டினால்தான் கொல்லை. லேத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தது அங்கே. வாசல் நிலைப்படியை மிதிக்காமல் தாண்டவேண்டும் என்பது மனிதர்களுக்கான விதி. லேத்துக்காக இரண்டு பக்கமும் பலகை சாய்த்து, நிலைப்படிக்கு மேல் பழைய கோணிச்சாக்கை மடித்துப் போட்டார்கள். எதிர்வீட்டு மாமி வந்து பார்த்து, “மாவு மெஷின் போடப்போறேளா? சத்தம் வருமா?” என்று விசாரித்தார். ரேழிக்குள் முழுதாக நுழைந்ததும், உள்ளேயிருந்து காபி வந்தது. டம்ளரை வாங்கவேண்டுமே என்று பைப்புகளை உருவி, லேத்தைத் தரையில் உட்கார வைத்தார்கள்.

காபி குடித்தபின் கடப்பாரையைப் போட்டுப் பார்த்தார்கள். மூத்தவர் முற்றத்துக் கல்தூணுக்கும் பெட்டுக்கும் நடுவே கையால் சாண் போட்டு அளந்துவிட்டு, திரும்பாது என்றார். கொல்லைக்கு வேறு வழி உண்டா என்று கேட்டார். உண்டு, பின் தெரு வழியாக; அதற்கு மறுபடி வெளியே எடுத்து வண்டியில் ஏற்றவேண்டும். வண்டி போய்விட்டிருந்தது. எனவே ஆய்வுப்பொருள் இப்போது ரேழியில் இருக்கிறது. மோட்டார் த்ரீ பேஸ், வீட்டுக்கு வந்திருப்பது சிங்கிள் பேஸ் என்பதால் அது எங்கே இருந்தாலும் ஓடாது என்று எலக்ட்ரீசியன் ஆறுதல் சொன்னார். அதன்மேல் இப்போது செய்தித்தாள், சாவிக்கொத்து, பால் கூப்பன் ஆகியவை நிரந்தரமாகத் தங்கியிருக்கின்றன.

கூலியை எண்ணி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்ட மூத்தவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்து, தம் போன் நம்பரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். “விக்கிறப்ப கூப்பிடுங்க சார். இதெல்லாம் ஒரு வெயிட்டே இல்ல. வாங்க வர்ற ஆளுக்கிட்ட மட்டும் நானூறு கிலோன்னு சொல்லிருங்க.”