கைப்பந்தும் கல்லூரி இடமும்

நடுவயது வியாபாரிகள் மூச்சு முட்டாமல் தேகப்பயிற்சி செய்யும் பொருட்டு, வில்லியம் மார்கன் என்பார் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் கைப்பந்தாட்டத்தை உருவாக்கிய அதே 1895-ஆம் ஆண்டில்தான், இயேசு சபையார் மலையூரான செண்பகனூரில் திருஇருதயக் கலாசாலையை ஸ்தாபித்தனர் என்பது யதேச்சையே. ஆயினும் ஆட்டத்தைக் கலாசாலையின் வாயிற்படியாகவே பாவிக்கும் நம் பெற்றோர் அதனை ஈசுவர சங்கல்பம் என்பர்.

எதிரணியார் அடித்த பந்து மூக்கில் பட்ட பிறகே புலனாகும் மலைப்பனியில் மகளை ஆடவிட்டு, 2.24 மீட்டர் வலையை எட்டுவாளா என்று வாரந்தோறும் கதவு நிலையில் பென்சிலால் கோடிழுக்கும் தகப்பனார் ஒருவர், பொறியியல் கலந்தாய்வின் விளையாட்டு ஒதுக்கீட்டையும், அதற்குரிய சான்றிதழ்களையும் எனக்கு விஸ்தாரமாக உபதேசித்தார். பெண் சர்வீஸ் போடக் கற்றுவிட்டாளா என்றேன். அதெல்லாம் பயிற்சியாளர் பொறுப்பாம்.