கிராஸ் டைம், நெட் டைம்

இரவு பதினொன்றரைக்கு வாணியம்பாடி நியூடவுனில் விடாமல் ஹார்ன் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தில் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. மாமா குடும்பத்தோடு டூர் கிளம்புகிறார், அவ்வளவுதான்.

டிரைவர் வைத்துக்கொள்ள மாட்டார். ரயில் என்றால், "அவன் இஷ்டத்துக்கு நிப்பான்." சொந்த வண்டி, சொந்தக் கை. எந்த ஊர், எதைப் பார்ப்பது என்பதெல்லாம் அக்காவின் இலாகா. எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்வது என்பது மட்டும் அவருடையது.

தொழில் அப்படி. ஷூ அப்பர் தைத்து ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர். ஒரு தடவை கண்டெய்னர் சென்னை ஹார்பரில் கப்பலைத் தவறவிட்டு, சரக்கைக் கைக்காசு போட்டு விமானத்தில் அனுப்பினார். அன்றிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளும் ஷிப்மென்ட்தான். ஏற்றிச் சீல் வைத்தால், இறக்குகிற இடத்தில்தான் கதவு திறக்கும். பக்கத்திலிருக்கும் ஏலகிரியைக் கேட்டுப் பாருங்கள். "14 கொண்டை ஊசி வளைவு, பதினேழு நிமிஷம்" என்பார். மேலே ஏரி இருக்கிறதா என்று கேட்டால் அக்காவைப் பார்ப்பார்.

போன டிசம்பரில் கண்ணூர் பக்கம் முழப்பிலங்காடு. கடலோர மணலிலேயே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கார் ஓட்டலாம். வண்டியை விட்டு இறங்காமல் பார்க்கிற கடற்கரை என்று தெரிந்ததும் உடனே ஒத்துக்கொண்டார்.

வழியில் மத்தூர் வடை வாங்கித் தருவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். 2023-இல் திறந்த மைசூர் விரைவுச்சாலை மத்தூருக்குள் போவதே இல்லை. போனாலும் அந்த நடுராத்திரியில் வடைக்கு எங்கே போவது? ஆனால் குண்டலுப்பேட்டை தாண்டி இன்னொரு மத்தூர் இருக்கிறது. அங்கே வடை கிடையாது, வனத்துறை கேட் உண்டு. 2009-லிருந்து இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பந்திப்பூர்க் காட்டுச்சாலையில் வண்டி விடுவதில்லை. கிளம்பும்போதே சொன்னேன். "போய்ப் பாத்துக்கலாம் மச்சான்" என்றார்.

போய்ப் பார்த்தோம். மணி நாலு இருபது. முன்னால் நாலு காய்கறி லாரி. லாரிக்காரர்கள் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். மாமா மட்டும் குளிரில் கேட்டுக்கும் காருக்குமாக நடந்தார். வாட்ச்சைப் பார்ப்பார், கேட்டைப் பார்ப்பார், தமிழையும் கன்னடத்தையும் கலந்து காவலரிடம் ஏதோ பேசுவார். காவலர் ஆறு மணிக்குத்தான் எழுந்தார்.

காட்டுக்குள் நுழைந்து பத்து நிமிஷத்தில் ரோட்டோரம் குட்டியோடு யானை. "ஏங்க, யானைங்க!" என்றாள் அக்கா.

"நிறுத்தக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கான் பாரு."

அன்றைய பயணத்தில் அவர் மதித்த ஒரே போர்டு அதுதான். அதிலும் சட்டம் அவர் பக்கம் என்பதால் வாயைத் திறக்க வழியில்லை.

தாமரைச்சேரி சுரத்தில் அஞ்சாவது வளைவில் சின்னவன் வாந்தி எடுத்தான். கேட்காமலே வண்டி நின்றது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, மாமாதான் முதலில் இறங்கி வாய் கொப்பளிக்க வைத்து, தன் துண்டால் முகம் துடைத்து, "ஒண்ணுமில்லடா கண்ணு" என்று தோளில் சாய்த்துக்கொண்டார். டேனரியில் வளர்ந்த மூக்கு, எதற்கும் சுளிக்காது. இந்த மனுஷனைத் திட்டினோமே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பையனைப் படுக்க வைத்துவிட்டு வாட்ச்சைப் பார்த்தார். "நாலு நிமிஷம்."

மாஹியில் மட்டும் மனமுவந்து நின்றார். அங்கே பெட்ரோல் விலை கம்மி.

பத்து ஐம்பதுக்கு முழப்பிலங்காடு. மணலில் இறங்கியதுமே கணக்கு ஆரம்பித்தது. "கிராஸ் டைம் பதினொரு மணி இருபது நிமிஷம். கேட்டுல நின்னது ஒண்ணு நாற்பது கழி. வாந்தி நாலு. பெட்ரோல் பங்க் பதினொண்ணு. நெட் டைம் ஒம்பது இருபத்தஞ்சு!" பேக்கிங் லிஸ்டில் பெட்டி எடையைக் கழிப்பது போல எங்களையெல்லாம் கழித்துவிட்டார்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி போட்டு, இந்தக் கோடி வரை ஓட்டினார். திருப்பி அந்தக் கோடி வரை ஓட்டினார். அலை குறைந்தால் எதிரே தர்மடம் தீவுக்கு நடந்தே போகலாம் என்றாள் பெரியவள். "நடந்தா?" என்றார். இறங்கினால் கார் மேட்டில் மணல் ஒட்டுமாம், உப்புத் தண்ணீர் பட்டால் அடியில் துருப்பிடிக்குமாம். கல்லுமக்காய் வறுவல் ஜன்னல் வழியாக வந்தது. நாற்பதாவது நிமிஷம் திரும்பிவிட்டோம்.

பெரியவள் வாணியம்பாடி பஜாரில் ஒரு சிவப்பு வாளி வாங்கி ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அது விலை ஸ்டிக்கர் கூடக் கிழியாமல் வீடு திரும்பியது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை மாமா. பத்து வயசுப் பிள்ளையைக் கடல் வரை கூட்டிப்போய்க் கால் நனைக்காமல் திருப்பிக் கூட்டிவந்தது அநியாயம்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர், "கேரளா எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "ஒம்பது இருபத்தஞ்சு" என்றார் மாமா.

மங்களூர் மெயில் நம்ம ஜோலார்பேட்டை வழியாகத்தான் கண்ணூர் போகிறது. அக்கா, அடுத்த டிசம்பருக்கு நாலு டிக்கெட் போடப்போகிறேன். உனக்கு, எனக்கு, பிள்ளைகளுக்கு. மாமா காரிலேயே வரட்டும். எப்படியும் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார். வாளியை அவரிடமே கொடுத்தனுப்பு.