அவன் தோற்றால் இவன் போவான்

வற்றாப்பளையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ஊருக்கு அவர் "சேர்". மாரி பிறந்துவிட்டால் சனிக்கிழமை இரவுகளில் அவருக்கு நித்திரை கிடையாது. வயலில் வெள்ளமோ யானைக் காவலோ அதற்குக் காரணமில்லை. மகளின் மகன் கனடாவில், ஒன்ராறியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு லக்ரோஸ் விளையாடுகிறான். அங்கே பிற்பகல் ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே இரவு பத்தரை. முடிவு வரும்போது ஊரில் நாய்கூட விழித்திருக்காது.

லக்ரோஸ் என்பது, நுனியில் வலைப்பை கட்டிய தடியால் கெட்டி ரப்பர் பந்தை ஏந்தி, ஓடி, எறிந்து கோல் போடும் விளையாட்டு. பக்கத்துக்குப் பத்துப் பேர். பேரன் அனுப்பிய வீடியோவைச் சேர் தேத்தண்ணிக் கடையில் காட்டியபோது, நந்திக்கடலில் இறால் பிடிக்கிற ஒருவர் இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர், அத்தாங்கு நல்லாத்தான் கிடக்கு. பிடிச்சதைத் திரும்ப ஏன் எறியிறாங்கள்?"

எறிவதற்குச் சட்டமே இருக்கிறது. கனடா 1994 இல் பாராளுமன்றத்தில் சட்டம் இயற்றி, ஐஸ் ஹொக்கியைக் குளிர்காலத் தேசிய விளையாட்டாகவும் லக்ரோஸைக் கோடைகாலத் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. ஆனால் பல்கலைக்கழகப் பெடியள் இந்தக் கோடைகால விளையாட்டை விளையாடுவது இலையுதிர்காலத்தில். இதைக் கேட்டு வற்றாப்பளையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சட்டம் ஒன்று சொல்ல நடப்பது வேறாக இருப்பதை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

கனேடியப் பல்கலைக்கழக லக்ரோஸ் சங்கம் 1985 இல் தொடங்கியது. ஒன்ராறியோ, கியூபெக் பல்கலைக்கழகங்களின் அணிகளைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து ஆடவிடுவார்கள். "வடக்கு எங்க சேர்?" என்று கடையில் ஒருவர் கேட்டார். "வடக்கில பனி" என்றார் சேர். "அப்ப வடக்கையும் கிழக்கையும் இணைக்கிற கதை அங்கயும் இல்லை" என்று அவர் ஒரு பெருமூச்சோடு வடையைக் கடித்தார்.

பிரிவில் மேலே நிற்பவர்கள் பாகட்டவே கிண்ணத்துக்குப் போவார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1763 ஜூன் 2 ஆம் திகதி, மிச்சிலிமக்கினக் கோட்டைக்கு வெளியே ஒஜிப்வே மக்கள் லக்ரோஸின் முன்னோடியான இந்தப் பாகட்டவே ஆட்டத்தை ஆடினார்கள். பிரித்தானியச் சிப்பாய்கள் கதவைத் திறந்துவைத்து வேடிக்கை பார்த்தார்கள். பந்து கோட்டைப் பக்கம் பறந்தது. பந்தெடுக்க ஓடியவர்கள், பெண்கள் போர்வைக்குள் மறைத்து வைத்திருந்த ஆயுதங்களை வாங்கிக்கொண்டு கோட்டையையே எடுத்துவிட்டார்கள். பார்வையாளர்கள் மைதானத்துக்குள் புகுவது எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் சகஜம். விளையாட்டுக்காரர் பார்வையாளர்களின் வீட்டுக்குள் புகுந்தது அங்கேதான்.

சேருக்கு இந்தச் சரித்திரத்தைவிடப் புள்ளிப் பட்டியலில்தான் மோகம். ஞாயிறு காலை கடையில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"பேரன்ர ரீம் வெண்டதோ?"

"வெண்டது. ஆனா காணாது."

"வெண்டும் காணாதோ?"

"மற்றவன் தோக்கவேணும்."

இதைத் தெளிவுபடுத்தச் சேர் கொப்பியைத் திறப்பார். இரண்டு அணிகள் சமமாக நின்றால், நேருக்கு நேர் மோதியதில் வென்றது யார் என்று முதலில் பார்ப்பதும், பிறகு கோல் வித்தியாசம் பார்ப்பதும் இப்படியான லீக்குகளில் வழமை. மூன்று அணிகள் சமமாக நின்று, அவன் இவனையும் இவன் உவனையும் உவன் அவனையும் வென்றிருந்தால் தேத்தண்ணி ஆறிவிடும்.

கணக்குத் தெரியாதவன் களத்தில் இறங்கக்கூடாது என்பது அவருடைய உறுதியான கட்சி. அதற்கு அவர் காட்டும் சாட்சி, 2023 செப்டெம்பர் 5, லாகூர், ஆசியக் கிண்ணக் கிரிக்கெட். இலங்கை 291. ஆப்கானிஸ்தான் அடுத்த சுற்றுக்குப் போக 292 ஓட்டங்களை 37.1 ஓவரில் எடுக்கவேண்டும். 37 ஓவர் முடிய 289. அடுத்த பந்தில் முஜீப் தூக்கி அடித்துப் பிடி கொடுத்தார். எல்லாம் முடிந்ததென்று நினைத்த பாரூக்கி, வந்த பந்துகளைப் பக்குவமாகத் தடுத்தார். மறுமுனையில் ரஷீத் கான் நின்றார். ஆனால் கணக்கு முடியவில்லை! 37.4 ஓவருக்குள் 295 வந்திருந்தாலும் அவர்கள் போயிருப்பார்கள். ஒரேயொரு ஆறு போதும். தங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை என்றார் பயிற்றுவிப்பாளர் ஜொனதன் ட்ரொட். 37.4 இல் பாரூக்கி ஆட்டமிழக்க, இலங்கை இரண்டு ஓட்டத்தால் வென்று உள்ளே போனது. போய் என்ன செய்தது? இறுதியாட்டத்தில் இந்தியாவிடம் 50 ஓட்டத்துக்குச் சுருண்டது. சிராஜுக்கு ஆறு விக்கெட். அந்தப் பகுதியைச் சேர் விரைவாகக் கடந்துவிடுவார்.

இரண்டாவது சாட்சி இன்னும் பழசு. 2003 மார்ச் 3, டர்பன், உலகக் கிண்ணம். அப்போது வன்னியில் மின்கம்பி இல்லை, பற்றரி ரேடியோதான். மழை வரப்போகிறது, டக்வேர்த் லூயிஸ் தாளில் 229 என்று இருக்கிறது. முரளியின் பந்தைத் தென்னாபிரிக்காவின் மார்க் பௌச்சர் ஆறாக விளாசி 229 ஆக்கினார். அடுத்த பந்தை ஓட்டம் எடுக்காமல் சும்மா தட்டிவைத்தார். மழை வந்தது. பிறகுதான் தெரிந்தது, 229 வெற்றிக்கு அல்ல, சமநிலைக்கு என்று. சொந்த நாட்டில் நடந்த உலகக் கிண்ணத்திலிருந்து தென்னாபிரிக்கா வெளியே போனது. "ஒண்டு ஓடியிருந்தாலே காணும்" என்று சேர் சொல்லும்போது பௌச்சர் அவருடைய வகுப்பில் கடைசி வாங்கிலில் இருந்து படித்த பெடியன்போல் ஒலிக்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வீட்டில் தர்மசங்கடம் வேறு வடிவில் வந்தது. பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை. பேரனின் அணி வெல்லவேண்டும். மேலே நிற்கும் இன்னொரு அணி தோற்கவேண்டும். "இஞ்சாருங்கோ, அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைப்பம்" என்றார் மனைவி. சேர் தயங்கினார். பேரன் வெல்லவேண்டும் என்று கேட்கலாம், பிழையில்லை. மற்றவன் தோற்கவேண்டும் என்று எப்படிக் கேட்பது? அதுவும் யாரிடம்? கண்ணகியிடம். மதுரையை எரித்தவளிடம் போய், "தாயே, ஒரேயொரு அணியை மட்டும், அதுவும் ஒரு கோல் வித்தியாசத்தில் போதும்" என்று அளவு சொல்லிக் கேட்க முடியுமா? ஒன்ராறியோ முழுக்கப் பற்றிக்கொண்டால் யார் பதில் சொல்வது? ஆகவே பொதுவாக, "பிள்ளையளுக்குக் கைகால் உடையாமல் இருக்கட்டும்" என்று ஒரு கற்பூரம் மட்டும் கொளுத்தினார்கள்.

அன்றிரவு மழை பிடித்தது. கரண்டும் போனது. போனில் மிச்சமிருந்த சார்ஜை வைத்துக்கொண்டு சேர் விறாந்தையில் இருந்தார். பேரனின் அணி வென்றுவிட்டது. மற்ற ஆட்டம் மேலதிக நேரத்துக்கு இழுத்தது. நேரம் போக்கச் சேர் ஒலிம்பிக் பட்டியலைப் பார்த்தார். 1904 இல் சென் லூயிஸில் லக்ரோஸ் ஆட வந்தவை மூன்றே அணிகள், மூன்றுக்கும் பதக்கம். 1908 இல் லண்டனில் இரண்டே அணிகள். கனடா பிரித்தானியாவை 14-10 என்று வென்றது. பிளே-ஓவ் கணக்கே தேவைப்படாத பொற்காலம்! 2028 இல் லொஸ் ஏஞ்சலிஸில் இந்த விளையாட்டு ஒலிம்பிக்குக்குத் திரும்புகிறது, அணிக்கு ஆறு பேராக. ஆனால் லக்ரோஸைத் தங்கள் முன்னோர் விளையாட்டாகக் கொண்டாடும் ஹோடினஷோனி மக்கள், தனிக்கொடியோடு உலகக் கிண்ணங்களில் ஆடுபவர்கள், ஒலிம்பிக்கில் அப்படி ஆடுவது சிக்கல். அவர்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தேசிய ஒலிம்பிக் குழு இல்லை. மறுநாள் சேர் இதைக் கடையில் விளக்கத் தொடங்கியபோது, "உதுக்குக் கொப்பி எடுக்காதேங்கோ சேர், எங்களுக்கு விளங்கும்" என்று நிறுத்திவிட்டார்கள்.

அன்றிரவு ஒரு மணி தாண்டிச் செய்தி வந்தது: "அம்மப்பா, அவங்கள் தோத்திட்டாங்கள்! நாங்கள் உள்ள!" சேர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் யானைதான் வந்துவிட்டதென்று வெடி கொளுத்தினார்கள்.

அடுத்த செய்தி கொஞ்சம் சுருதி இறங்கி வந்தது. கழகமாக நடக்கும் அணி என்பதால் பெடியள் தங்கள் கையிலிருந்துதான் சந்தா கட்டி விளையாடுகிறார்கள். அடுத்த சுற்றுக்கு பஸ் காசும் அறைக் காசும் புதிதாகக் கட்டவேண்டுமாம். ஞாயிறு பின்னேரம் இந்தக் கதை ஊர் விளையாட்டுக் கழக மைதானத்துக்குப் போனது. அங்கே நின்ற ஒவ்வொரு பெடியனின் முதுகிலும் லண்டன் சித்தப்பா, பாரிஸ் மாமா என்று ஏதாவது ஒரு வெளிநாட்டு உபயம் அச்சடித்திருந்தது. கழகச் செயலாளர் தலையைச் சொறிந்தார்.

"சேர், நாங்கள் ஒரு தொகை சேத்துக் குடுத்தா, கனடாப் பெடியன்ர முதுகில வற்றாப்பளை எண்டு போடுவினமோ?"

சேர் அங்கேயே போனை எடுத்துப் பேரனிடம் கேட்டார். தமிழிலா ஆங்கிலத்திலா என்று பேரன் திருப்பிக் கேட்டிருக்கிறான். கழக நிர்வாகக் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை.