சீசன் ஊரில் குடித்தனம்

ஊட்டியில் வாடகை வீடு தேடி அலைபவர்களின் கேள்விகள் இந்த முறை குவிந்துவிட்டன. ஒரு வீட்டுக்காரரும் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் பதில் உண்டு.

கேள்வி: வேலை மாற்றலில் ஊட்டிக்குப் போகிறேன். வீடு தேட நல்ல மாதம் எது?
*பள்ளி ஆசிரியை, மேட்டுப்பாளையம்*

ஜூலை. மே மாத மலர்க் கண்காட்சி முடிந்து, கூட்டம் மலையிறங்கி, தென்மேற்குப் பருவமழை பிடித்திருக்கும். வீட்டுக்காரருக்கு ஆள் வேண்டும். உங்களுக்குப் பேரம் பேச இடம் கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. எந்த மூலை ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஈரம் ஊறுகிறது என்பதை மழை மறைக்காமல் காட்டிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தேடினால் உங்களுக்குப் போட்டி நாள் வாடகை தருகிற சுற்றுலாப் பயணி. அந்தப் போட்டியில் மாதச் சம்பளக்காரர் ஜெயிக்க முடியாது. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் வரும். அதற்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஜூன் 1-ஆம் தேதி குடிவந்தேன். 11 மாத ஒப்பந்தம். ஏப்ரல் முடிந்ததும் காலி செய்யச் சொல்கிறார். ஏன் இந்த அவசரம்?
*மருந்துக் கடை ஊழியர், சேரிங் கிராஸ்*

ஜூனிலிருந்து 11 மாதத்தை எண்ணுங்கள். ஏப்ரல் 30-இல் வந்து நிற்கும். சீசனின் உச்சத்தில் வீட்டைத் திருப்பித் தருவதாக நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால்தான் இந்த 11 மாத வழக்கம் வந்தது. கணக்கு எந்த மாதத்தில் தொடங்கவேண்டும் என்பதைப் பேசித் தீர்மானிக்கலாம். ஆகஸ்ட் 1-இல் தொடங்கினால் ஜூன் 30-இல் முடியும். அப்போது உங்களை வெளியேற்றி யாருக்கும் லாபமில்லை. புதுப்பிப்பது பற்றியும் வாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்பது பற்றியும் முதல் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?
*புதுமணத் தம்பதி, குன்னூர்*

மூன்று மாதம் என்கிறது. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதிகமாகவும் வாங்கலாம். எனவே ஒப்புக்கொள்வதற்கு முன்பே பேசுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பதியாத காகிதம் தகராறு வரும் நாளில் கைகொடுக்காது. அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். குடிபுகும் நாளில் சுவர், குழாய், ஜன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: வாடகையை ஏற்றச் சம்மதிக்கவில்லை என்று தண்ணீரை நிறுத்திவிட்டார்...
*பெயர் வெளியிட விரும்பாதவர், காந்தல்*

அவர் செய்தது சட்டப்படி தவறு. வாடகைத் தகராறு எதுவானாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அவசியத் தேவைகளைத் துண்டிக்கக் கூடாது. வாடகை அதிகாரியிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அதுவரை வாடகையை ஒரு நாள் கூடத் தவறாமல் கட்டி ரசீதை வைத்திருங்கள். உங்கள் பக்கம் பாக்கி இருந்தால் பேச்சு அங்கே திரும்பிவிடும்.

கேள்வி: வாடகைக்குப் பதில் போக்கியத்துக்குப் போகலாமா?
*ஓய்வுபெற்றவர், அருவங்காடு*

பத்திரத்தைப் பதிவு செய்தால் போகலாம். வெறும் முத்திரைத்தாளை நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்காதீர்கள். முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள். அதே வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் உங்கள் பணத்துக்கு முன்னால் வங்கி நிற்கும்.

கேள்வி: வீடு பார்க்கப் போனால் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? சமவெளியில் பிறந்தவன் நான்.
*வங்கி ஊழியர், திருச்சி*

முதலில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரில், காலை வெயில் விழாத வீட்டில் துணி காயாது, சுவரில் பூஞ்சை போகாது, பிள்ளைகளுக்குச் சளி தீராது. அடுத்து வீட்டுக்குப் பின்னால் போங்கள். மேட்டை வெட்டிக் கட்டியிருந்தால் தடுப்புச்சுவர் இருக்கிறதா, அதில் நீர் வடிய துளைகள் இருக்கின்றனவா, விரிசலோ வீக்கமோ தெரிகிறதா என்று பாருங்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலம் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வாடகை குறைவு என்பதற்காகச் சரிவின் விளிம்பில் குடியேறாதீர்கள்.

பிறகு பக்கத்து வீட்டில் மூன்று கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? சிலிண்டர் வாசல் வரை வருமா, படிக்கட்டில் சுமக்க வேண்டுமா? இரவில் காட்டெருமையோ கரடியோ வருமா, தெருவிளக்கு எரிகிறதா? இரவுப் பணி முடிந்து நடந்து வருபவருக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

கேள்வி: செவிலியர் வேலை. ஊட்டிக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. எங்கே தேடுவது?
*இளம் செவிலியர், ஃபிங்கர்போஸ்ட்*

குன்னூர் சாலையில் தேடுங்கள். லவ்டேல், கேத்தி, எல்லநள்ளி, அருவங்காடு என்று வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் ஊர்கள் அந்தப் பக்கம் வரிசையாக இருக்கின்றன. அரசின் விடியல் பயணத் திட்டம் 2024-இல் மலைப்பகுதிக்கும் வந்துவிட்டதால், சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குச் செலவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் பணி நேரத்துக்குக் கடைசிப் பேருந்து இருக்கிறதா என்று ஒரு நாள் போய்வந்து பாருங்கள். இணையத்தில் தேடுவதோடு மளிகைக் கடையிலும் சொல்லி வையுங்கள். லைன் வீடுகள் காலியாகும் செய்தி விளம்பரத்துக்கு முன் அங்கேதான் வரும்.

கேள்வி: படம் அனுப்பி, டோக்கன் தொகை கேட்கிறார்கள். அனுப்பலாமா?
*மாணவர், கோவை*

சாவி போட்டுக் கதவு திறப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

கேள்வி: “என்ன ஆளுங்க? கறி சாப்பிடுவீங்களா?” என்றுதான் முதல் கேள்வியே வருகிறது. என்ன சொல்ல?
*ஓட்டுநர், தலைகுந்தா*

“வாடகையை ஐந்தாம் தேதிக்குள் தருவேன், வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பேன்” என்று சொல்லுங்கள். குடிவருபவரிடம் கேட்கத் தகுதியான கேள்விகள் அந்த இரண்டுதான். சாதியையும் சமையலையும் கேட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம், உங்கள் குறையல்ல. வீடு வைத்திருக்கும் வாசகர்களே, அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: சீசனில் சில வார இறுதிகளிலேயே ஒரு மாத வாடகையைப் பார்த்துவிடலாம். நான் ஏன் குடித்தனக்காரருக்கு விட வேண்டும்?
*வீட்டு உரிமையாளர், ஊட்டி*

நேர்மையான கேள்வி. வரவை எழுதும்போது காலியாகக் கிடக்கும் மழை மாதங்களையும் எழுதுங்கள். துவைப்பு, ஆள் கூலி, புக்கிங் கமிஷன், பழுது எல்லாவற்றையும் கழியுங்கள். சீசன் கூட்டமும் இனி உங்கள் கையில் இல்லை. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் இ-பாஸ் வந்தது; 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. குடியிருப்புக்கு அனுமதி வாங்கிய வீட்டை விடுதியாக நடத்தினால் சீல் வைக்கப்படும் அபாயமும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் சீசன் பணம் சற்று மிஞ்சலாம். ஆனால் நிலையான குடித்தனக்காரர் கொடுப்பது பன்னிரண்டு மாத வருமானம். ஒழுகும் ஓட்டை முதலில் பார்த்துச் சொல்கிறவரும் அவர்தான்.

கேள்வி: வீடு பற்றாக்குறை என்றால் இன்னும் கட்டினால் போகிறது. ஏன் தடுக்கிறார்கள்?
*கட்டடப் பொறியாளர், ஈரோடு*

மலை தாங்காது என்பதால். இங்கே கட்டடங்களுக்கு 7 மீட்டர் உயர வரம்பு நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை பெய்கிற சரிவில் மாடி மேல் மாடி எழுப்ப நானும் ஆதரவு தரமாட்டேன். ஆனால் இருக்கிற வீடுகளில் எத்தனை வெளியூர்க்காரர்களின் ஓய்வு இல்லங்களாக, வருடத்தில் சில வாரம் தவிரப் பூட்டிக் கிடக்கின்றன! முதலில் திறக்க வேண்டியது அந்தப் பூட்டுகளைத்தான். நகராட்சி அவற்றைக் கணக்கெடுத்து, ஆண்டு வாடகைக்கு விடுபவருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுக்கட்டும்.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்பட்டு ஊட்டியில் ஏன் இருக்க வேண்டும்? கீழே இறங்கிவிடலாமே?
*வாசகர், சென்னை*

இறங்கிவிட்டால், தாவரவியல் பூங்காவில் பாத்தி கட்டுவது யார்? ஆஸ்பத்திரியில் இரவு ஊசி போடுவது யார்? நீங்கள் தங்கும் அறையில் படுக்கை விரிப்பது யார்? 2011 கணக்கெடுப்பில் 88,430 பேர் வாழ்ந்த நகரம் இது. சீசன் கூட்டத்தை ஊட்டி சமாளிப்பது அவர்கள் உழைப்பால். விடுதி கட்ட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் வாகன நிறுத்தம் எங்கே என்று கேட்கும் அதிகாரிகள், “உங்கள் ஊழியர்கள் எங்கே குடியிருப்பார்கள்?” என்றும் கேட்கட்டும். பதில் வரைபடத்தில் இல்லையென்றால் அனுமதி கொடுக்கக் கூடாது.