கடன்காரர் கட்டிய நூலகம்

1813-ல் அமெரிக்கப் படை, அப்போது பிரிட்டிஷ் வசமிருந்த கனடாவின் யார்க் நகருக்குள் (இன்றைய டொரான்டோ) புகுந்தது. அங்கிருந்த சட்டமன்றம் எரிந்தது. அடுத்த வருஷமே, ஆகஸ்ட் 24-ம் தேதி, பிரிட்டிஷ்காரர்கள் வாஷிங்டனுக்கு வந்து மொய்யைத் திருப்பி எழுதினார்கள். ஜனாதிபதி மேடிசன் ஊரைவிட்டு ஓடிவிட்டார். அவர் மாளிகையில் தயாராக இருந்த விருந்தை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்ட வீட்டுக்கே தீ வைத்தார்கள். நாடாளுமன்றக் கட்டடமும் எரிந்தது. உள்ளே நூலகத்தில் இருந்த மூவாயிரம் சொச்சம் புத்தகங்களும் கூடவே போயின. உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு அந்த நஷ்டம் உறைத்தது என்பது வேறு விஷயம்.

மான்டிசெல்லோ மலைமேல் ஓய்வில் இருந்த மாஜி ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனுக்கு உறைத்தது. வயது 71. புத்தகம் கழுத்தளவு, கடன் தலைக்குமேல். 1770-ல் வீடு எரிந்து முதல் சேகரிப்பைப் பறிகொடுத்தவர் அவர். பிறகு பாரிஸில் தூதராக இருந்தபோது கடைகடையாக ஏறி இறங்கி மறுபடி சேர்த்தார். 'என் புத்தகங்களை மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள், விலையை நீங்களே போடுங்கள்' என்று நாடாளுமன்றத்துக்குச் சொல்லும்படி கடிதம் எழுதினார். தேசபக்திக்குக் கடன் நெருக்கடியும் கொஞ்சம் கைகொடுத்தது.

விலை போட்ட விதம் அலாதி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, அளவைத்தான் பார்த்தார்கள். பெரிய சைஸ் 10 டாலர், அடுத்தது 6, அதற்கும் கீழே 3, கையடக்கம் 1. அறிவைப் பழைய பேப்பர் கடைக் கணக்கில் எடை போட்டதில் 6,487 புத்தகங்களுக்கு 23,950 டாலர் வந்தது.

உடனே சபையில் ரகளை. பாதி புத்தகம் பிரெஞ்சு, லத்தீன் என்று எவனுக்கும் புரியாத பாஷையில் இருக்கிறதே என்று ஒரு கட்சி. மாசசூசெட்ஸ் உறுப்பினர் சைரஸ் கிங்குக்கோ நாத்திக நூல்கள்தான் உறுத்தின. அவற்றைப் பொறுக்கி எடுத்து ஒதுக்க வேண்டும் என்றார். நூலகத்தை எரித்தான் என்று எதிரியைத் திட்டிய வாயின் ஈரம் காய்வதற்குள் இது. கடைசியில் 81-க்கு 71 என்று பத்தே ஓட்டில் மசோதா தப்பியது. 1815-ல் பத்து வண்டிகளில் புத்தகங்கள் மலையிறங்கின.

ஜெபர்சன் தன் நூல்களை நினைவு, பகுத்தறிவு, கற்பனை என்று மூன்றாகப் பிரித்து 44 அத்தியாயங்களில் அடுக்கியிருந்தார். வரலாறு நினைவில், கவிதை கற்பனையில். அரசியலை மட்டும் பகுத்தறிவில் வைத்திருந்தார், பாவம். வந்து சேர்ந்ததும் நூலகர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் ஒவ்வொரு அத்தியாயத்துக்குள்ளும் அகரவரிசைப்படி மாற்றி அடுக்கி அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

வந்த பணத்தில் பெரும்பகுதியைக் கடன் கொடுத்தவர்கள் வாங்கிப் போனார்கள். இவரோ மறுபடி புத்தகம் வாங்க ஆரம்பித்தார். 1826-ல் கண்ணை மூடியபோது கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய அந்த மகானின் கடனை அடைக்க, அடுத்த வருஷம் மான்டிசெல்லோவில் 130 அடிமைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்த இடத்தில் நகைச்சுவைக்கு வேலையில்லை.

1851 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நூலகத்தில் மறுபடி தீ. இந்தத் தடவை எதிரிப் படை தேவைப்படவில்லை, பழுதான புகைபோக்கியே போதுமாக இருந்தது. ஜெபர்சன் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு சாம்பல்.

இத்தனை நெருப்புக்கும் தப்பியது ஒரு கணக்குப் புத்தகம். 1810-ம் வருஷத்து அமெரிக்க அரசின் வரவு செலவு. 1814-ல் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஜனாதிபதியின் அறையிலிருந்து அதைச் சுருட்டியவர் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் காக்பர்ன். எங்கே, எப்போது எடுத்தது என்பதைக் கூச்சமில்லாமல் அதிலேயே எழுதி, பெர்முடா கவர்னராக இருந்த தன் அண்ணனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். 1940-ல்தான் அது நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. தாமதக் கட்டணம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.